ஒரே மாதிரி இரண்டு டின்

நேற்று மகள் ஜன்னலோரம் உட்கார்ந்து நகத்துக்குச் சாயம் பூசினாள். அந்த வாடை அடுப்படிக்கு வந்ததும் கரண்டியை அப்படியே கீழே வைத்துவிட்டேன். உங்கள் வெடிமருந்து டின்னின் அதே வாடை. நீங்கள் போய்ச் சேர்ந்து இத்தனை வருஷமாகியும் என் நெஞ்சுக்கு இன்னும் புத்தி வரவில்லை.

இலங்கை மலைநாட்டில், டிக்கோயாவுக்கு மேலே அந்தத் தேயிலைத் தோட்டத்தில் நீங்கள் டீமேக்கர், ஃபேக்டரியில் தேயிலைப் பக்குவம் உங்கள் பொறுப்பு. தோட்டத்து மேனேஜர் துரையிடம் வெள்ளைக்காரர் காலத்து ரைபிள் ஒன்று இருந்தது. ஒவ்வொரு வெடிக்கும் போல்ட்டை இழுத்துத் தள்ள வேண்டும். யுத்த காலம், புதுத் தோட்டா கிடைக்காது. பழைய தோட்டாவோ குறி தப்பும். அப்படி அரைகுறையாக அடிபட்ட காட்டுப்பன்றிதான் கொழுந்து எடுத்துக்கொண்டிருந்த செல்லம்மாவின் தொடையைக் கிழித்தது. அதோடு உங்கள் தூக்கம் போயிற்று. சுட்ட தோட்டாக் கூடுகளில் நானே வெடிமருந்து நிரப்பித் தருகிறேன் என்று துரையிடம் சொல்லிவிட்டு வந்தீர்கள். பங்களாவில் காற்று, தராசு நிற்காது என்று எல்லாச் சாமானும் நம் வீட்டு மேசைக்கு வந்தது. லைசென்ஸ் துரை பேரில், மருந்து தமிழன் வீட்டில். யாரிடம் சொல்லி அழுவது?

"ஜன்னலச் சாத்து புள்ள. நீ மூச்சு விட்டாலே முள்ளு ஆடுது" என்பீர்கள். நான் விட்டது பெருமூச்சு, அது உங்களுக்கு எங்கே புரிந்தது! இந்த ரைபிளில் வெடித்த கூடு இதன் அளவுக்கே விரிந்திருக்கும், வேறு கூட்டைக் கலக்கக்கூடாது, வாயை மட்டும் நெருக்கினால் போதும், மருந்து இம்மியும் கூடக்குறையக் கூடாது என்று தேயிலைக்குப் பிடிக்கும் அதே பிடிவாதம். குறி பார்த்துச் சுட்ட பலகையில் ரொட்டி அகலத்துக்குச் சிதறிய ஓட்டைகள் கோப்பை வாய்க்குள் அடங்கியபோது, அந்தப் பலகையைத் தூக்கிக்கொண்டு வந்து காட்டினீர்கள். என்னால் சந்தோஷப்பட முடியவில்லை. ரோட்டில் இராணுவ ஜீப் சத்தம் கேட்டாலே மேசைச் சாமானை மூடி வைப்பேன்.

ஒரு காலையில் இராணுவம் தோட்டத்தைச் சுற்றிவளைத்து வீடு வீடாகத் தேட வந்தது. மூன்று ஆமிக்காரர்கள் வீட்டுக்குள் வந்தார்கள். நீங்கள் அவர்களைச் சிங்களத்தில் உட்காரச் சொல்லிவிட்டு, "தேத்தண்ணி ஊத்து" என்றீர்கள்.

அலமாரியில் ஒரே மாதிரி இரண்டு டின். ஒன்றில் தேயிலை, ஒன்றில் மருந்து. இரண்டும் கறுப்புத் தூள். பதற்றத்தில் எது எதென்று தெரியவில்லை. கதவோரம் ஒருத்தன் நின்று பார்த்துக்கொண்டிருந்தான். ஒன்றைத் திறந்தேன், குப்பென்று அந்த வாடை. மூடிவிட்டு மற்றதை எடுத்தேன். மூடிய டின்னில் என்னவென்று அவன் கேட்டான்.

"பரண தே, மஹத்தயா" என்றேன் சிங்களத்தில். பழைய தேயிலையாம்!

அவன் தலையாட்டினான். குடித்தார்கள், இன்னும் கொஞ்சம் சீனி கேட்டார்கள், போனார்கள். அப்புறம்தான் பார்த்தேன், உங்கள் கோப்பை தட்டில் கடகடவென்று ஆடிக்கொண்டிருந்தது. அன்றைக்கே டின்னைத் துரையிடம் சேர்த்துவிட்டீர்கள்.

நீங்கள் ஏற்கெனவே நிரப்பிக் கொடுத்திருந்த தோட்டாவில்தான் அந்த மாதம் பன்றி விழுந்தது. "ஒத்த வெடி. செல்லம்மாகிட்ட நீயே போய்ச் சொல்லு" என்றீர்கள். சொன்னேன். அவள் என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள்.

நான் பயந்த ஜீப் உங்களைக் கொண்டுபோகவில்லை. நான் பயப்படவே நினைக்காத நெஞ்சுவலி கொண்டுபோயிற்று. ஆனாலும் இன்றைக்கும் தேத்தண்ணி ஊற்றும் முன் டின்னைத் திறந்து மோந்து பார்க்கிறேன். மகள் சிரிக்கிறாள். தேயிலைதான் என்று தெரிந்த பிறகுதான் நான் மூச்சு விடுகிறேன்.