தேனில் கலந்த தங்கம்

ஜூன் 3, செவ்வாய். புழுக்கம்.
அடையாறு ஆஸ்பத்திரி, காலை 9.10. சரோஜாவின் கன்னக் கட்டி இன்னும் அரை செ.மீ. கூடியிருக்கிறது. கதிர்வீச்சு இனி முடியாதாம். மிச்சம் அந்தப் பரிசோதனைச் சிகிச்சை ஒன்றுதான். நுண்ணிய தங்கத் துகள்களை ஊசியில் ஏற்றுவார்கள். கட்டியில் போய்ச் சேரும். அகச்சிவப்பை ஒட்டிய ஒளியைப் பாய்ச்சினால் காமிராவில் கட்டியின் எல்லை தெரியும். பிறகு துகள் சூடேறி, கட்டியை மட்டும் பொசுக்கும். ஒளி ஓரிரு செ.மீ.தான் உள்ளே போகும். கன்னத்துக்கு அது போதும்.
சேர்க்கைப் படிவத்தை வைத்து டாக்டரம்மா கேட்ட 14ஆம் கேள்வி: உலோகம் சேர்ந்த நாட்டு மருந்து ஏதாவது சாப்பிட்டதுண்டா?
சரோஜா சிரித்தாள். "இவரு கெமிஸ்ட்ரி வாத்தியாரும்மா. கஷாயத்தைக்கூட வீட்டுக்குள்ள விடமாட்டாரு."
'இல்லை' என்று குறித்துக்கொண்டார். நான் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தேன்.

ஜூன் 4, புதன்.
இங்காவது எழுத வேண்டும். தங்க பஸ்பம். நாற்பது நாள். தொண்டைக்கு இதம் என்று சொல்லி, சரோஜாவுக்குத் தெரியாமல், காலைத் தேனில். இந்தச் சிகிச்சையில் இடம் கிடைக்காமல் போனால் என்ற பயத்தில் வாங்கியது. அந்தத் தங்கம் வேறு, இது வேறு. அளவு, வடிவம், மேற்பூச்சு எல்லாமே வேறு. மாணவன் எவனாவது இரண்டும் ஒன்று என்று எழுதியிருந்தால் சிவப்பு மையில் சுழித்திருப்பேன். ஆனாலும் தினமும் நிறுத்துக் கொடுத்தேன்.
சொன்னால் அவள் பெயரை நீக்கிவிடுவார்கள்.
சொல்லாவிட்டால்? ஈரல், தெரியாது. சிறுநீரகம், தெரியாது. காமிரா எதைக் காட்டும், தெரியாது.
மகளுக்குப் போன் செய்தேன். வாஷிங் மெஷினைப் பற்றிப் பேசிவிட்டு வைத்தேன்.

ஜூன் 5, வியாழன். தூறல்.
தனியாக அடையாறு போனேன். கேட்டோடு திரும்பினேன்.
ஆட்டோக்காரர்: "இன்னா பெர்சு, உள்ள போவாமயே வந்துட்ட? டாக்டர் கடிச்சிருவாரா?"
லஸ் வரை சிரித்துக்கொண்டே ஓட்டினார். நானும் சிரித்துவைத்தேன்.
சரோஜாவுக்கு இட்லி இறங்கவில்லை. கரைத்த ரசம் சாதம், 4 ஸ்பூன்.

ஜூன் 6, வெள்ளி.
டாக்டரம்மாவிடம் சொல்லிவிட்டேன். சரோஜா பக்கத்தில் இருக்கும்போதே. அளவும் நாளும் எழுதிய சீட்டை நீட்டினேன். டாக்டரம்மா இரண்டு தடவை படித்தார்.
"இப்ப சேர்த்துக்க முடியாது சார். மூணு மாசம் போகட்டும்."
"மூணு மாசம் இவ தாங்குவாளாம்மா?"
சீட்டை மடித்துக் கோப்பில் வைத்தார்.
வீடு வந்தோம். மாலை பால் ஆற்றிக் கொடுத்தேன். டம்ளரை என் பக்கம் நகர்த்தினாள்.
"முதல்ல நீங்க ஒரு வாய் குடிங்க."
குடித்தேன். பார்த்துக்கொண்டே இருந்தாள்.