அதிகாரிக்கு ஒரு கோழி சாலட்

கிளேபாங்
8.6.1943

அன்புள்ள ருக்மணி அக்காவுக்கு,

மரவள்ளிக்கிழங்கு புண்ணியத்தில் நாங்கள் உயிரோடு இருக்கிறோம். சயாமில் ரயில் பாதை போட ஆள் பிடிக்கும் பட்டியலில் அத்தான் பெயர் இருக்கிறதாமே.

நான் சமைக்கும் வீட்டு ஜப்பான் அதிகாரி நினைத்தால் பெயரை அடித்துவிடலாம். அவருக்கு வயிறு சரியில்லை, எண்ணெய் ஆகாது. முன்பு துரைசாணிக்குச் செய்வேனே, பழம் போட்ட கோழி சாலட், அதைச் செய்து கொடுத்துவிட்டுக் கேட்கிறேன். கோழிதான் எங்கும் கிடைக்கவில்லை. உன் முட்டைக் கோழியைத் தருவாயா?

உன் தங்கை
ஜெயா

காஜா பெராங்
10.6.1943

என் கண்ணு ஜெயாவுக்கு,

மீன்கார நாகூர் மீரான் சைக்கிளில் கோழியும், ஒரு அன்னாசியும், பின்கட்டு மரத்துப் பம்ளிமாஸ் பழமும் அனுப்பியிருக்கிறேன். காய்ச்சலில் கிடந்து எழுந்த மல்லிகாவுக்கு அந்த முட்டைதான் தெம்பு. "அது எங்கம்மா போகுது?" என்று அழுதாள். "அப்பாவுக்காகப் போகுது" என்றேன்.

மூன்று மாதமாக இந்தப் பக்கம் நீ எட்டிப் பார்க்கவில்லை. அந்தக் கோபம் இருக்கிறது. இதை மட்டும் முடித்துக்கொடு, எல்லாம் போய்விடும்.

அக்கா
ருக்மணி

கிளேபாங்
14.6.1943

அக்கா,

கோழியை வேகவைத்து, ஆறவிட்டு, நாராகப் பிய்த்தேன். பம்ளிமாஸ் சுளையை உதிர்த்து, அன்னாசியைப் பொடியாக நறுக்கி, எலுமிச்சையும் உப்பும் சேர்த்தேன். அதிகாரி தட்டை வழித்துச் சாப்பிட்டார். "என்ன வேணுமாம்?" என்று மொழிபெயர்ப்பாளரை விட்டுக் கேட்டார். சொன்னேன். பட்டியல் வந்தது.

"ஒரு பேருதாம்மா அடிப்பாரு" என்றார் மொழிபெயர்ப்பாளர்.

அத்தான் பெயருக்கு நாலு வரி கீழே என் வீட்டுக்காரர் பெயரும் இருந்தது. மல்லிகா மேல் சத்தியமாக எனக்கு அதுவரை தெரியாது. அத்தான் பெயரைச் சொல்லத்தான் வாயைத் திறந்தேன். கலியாணசுந்தரம் என்று இவர் பெயர் வந்துவிட்டது.

வாய்க்கு வந்தபடி ஏசு அக்கா. பேசாமல் மட்டும் இருந்துவிடாதே.

ஜெயா

காஜா பெராங்
20.6.1943

ஜெயாவுக்கு,

உன் கடிதத்தை அவரிடம் காட்டவில்லை. உன் இடத்தில் நின்றிருந்தால் நானும் என் புருஷன் பெயரைத்தான் சொல்லியிருப்பேன். அது தெரிந்தும் மனம் ஆறவில்லை. இனி வராதே, எழுதாதே.

நேற்றுக் காலை லாரி வந்தது. ஏறப் போகும்போது, "ஜெயா பேசிட்டாளா?" என்று கேட்டார்.

"பேசிட்டா. காகிதம் வர ரெண்டு நாளாகுமாம். வழியிலேயே இறக்கி விட்டுடுவாங்க."

நம்பிவிட்டார். தூக்கி வைத்திருந்த மல்லிகாவைக் கீழே இறக்கிவிட்டு, "நல்லா இருக்கட்டும் அந்தப் பொண்ணு" என்று சொல்லிவிட்டுத்தான் ஏறினார்.

ருக்மணி