தலைக்கவசம் இல்லாமல் வாருங்கள்

பெய்ரசெக் கோட்டை,
புனித மதலேனாள் திருநாளுக்கு மறுநாள்.

என் கணவரும் இக்கோட்டையின் தலைவருமான கௌஸ்பெர்ட் அவர்களுக்கு எர்மெசெண்ட் வணங்கி எழுதுவது. நலம் என்று எழுதித் தொடங்குவதுதான் முறை. நாங்கள் நலமாக இல்லை. தொட்டித் தண்ணீர் இன்னும் மூன்று வாரத்துக்கு வரும். என் இடது கையில் இரண்டு விரல்கள் போய்விட்டன. வலது கை நன்றாக இருக்கிறது. இதை எழுத அது போதும்.

உங்கள் கடிதத்தை வெளியே முற்றுகையிட்டிருக்கும் படையின் துறவி ஒருவர் கொண்டுவந்து கொடுத்தார். நான்கு முறை படித்தேன்.

சிலுவைப் படைக்கு எதிராக ஆயுதம் எடுக்க மாட்டேன் என்று கோயில் பலிபீடத்தின் மேல் கைவைத்துச் சத்தியம் செய்துவிட்டு, கவசத்தை இங்கேயே கழற்றிப் போட்டுவிட்டு அரகோன் நாட்டுக்குப் போனீர்கள். உதவியோடு திரும்புவேன் என்றீர்கள். சிலுவைப் படைதான் வந்தது, உதவி வரவில்லை. கோட்டையில் ஆண்கள் பதினொரு பேர். தலைவன் உள்ளே இல்லை என்று தெரிந்தால் அன்றைக்கே ஏறியிருப்பார்கள். அதனால் உங்கள் கவசத்தை மாட்டிக்கொண்டேன். தோளில் பெரிது, வயிற்றில் அதைவிடப் பெரிது. இடுப்பில் கயிறு கட்டிக்கொண்டேன். உங்கள் போர்க்குரலைத்தான் எழுப்பினேன். நாற்பது நாள் அவர்கள் உங்களோடு சண்டை போடுவதாகவே நினைத்தார்கள்.

இப்போது சத்தியத்தை மீறியவர் என்று போப்பின் தூதர் உங்களைத் திருச்சபையிலிருந்து விலக்கிவிட்டாராம். உங்கள் தூக்கம் போய்விட்டதாம். நான் வெறுங்காலோடு வெளியே போய், புருஷன் கவசத்தைத் திருடினேன் என்று மண்டியிட்டுச் சொல்ல வேண்டுமாம். கோட்டையையும், மதவிரோதிகள் என்று திருச்சபை தேடும், உள்ளே இருக்கும் ஆறு நெசவுக்காரப் பெண்களையும் ஒப்படைக்க வேண்டுமாம். "உன்னை எரிக்க மாட்டாங்க, மடத்துலதான் போடுவாங்க, கவலைப்படாதே" என்று எழுதியிருக்கிறீர்கள். அந்த ஆறு பேரை என்ன செய்வார்கள் என்று ஒரு வரி இல்லை. உங்கள் அம்மா சாகும்போது அவர் தலையில் கைவைத்து ஜெபித்தவள் அவர்களில் ஒருத்திதான். வெட்கமாக இல்லையா உங்களுக்கு?

நீங்கள் கேட்டதில் பாதியைச் செய்துவிட்டேன். நேற்று நண்பகலில் வாசல் கோபுரத்தில் ஏறி, தலைக்கவசத்தைக் கழற்றி, கூந்தலை அவிழ்த்துவிட்டு, என் பெயரை என் குரலிலேயே கத்தினேன். கீழே படையிலிருந்து ஒருவன், "ஏண்டி, உம் புருஷன் உள்ள பாத்திரம் கழுவுறானா?" என்றான். சலவைக்காரி பெய்ரோனா விடவில்லை. "கழுவினா என்னடா? நாப்பது நாளா நீங்க ஒரு பொம்பளைகிட்டதானே அடி வாங்கினீங்க!" என்றாள். விரல் போன பிறகு நான் சிரித்தது அப்போதுதான்.

ஆகவே சத்தியம் மீறியவர் நீங்கள் இல்லை. நிம்மதியாகத் தூங்குங்கள். ஆனால் இதையும் கேட்டுக்கொள்ளுங்கள். சாயங்காலம் கிழவர் உக் என் முன்னால் மண்டியிட்டு, தலைவருக்குச் செய்யும் விசுவாசச் சத்தியமாகக் கூப்பிய கைகளை என் கைகளுக்குள் வைத்தார். உங்கள் அப்பாவுக்கும் உங்களுக்கும் அப்படி வைத்தவர். கட்டுப்போட்ட கையோடு ஏற்றுக்கொண்டேன். பிறகு மற்ற பத்து பேரும் வந்தார்கள். கதவு திறக்காது. அந்தப் பெண்களும் வெளியே வர மாட்டார்கள்.

துறவி இங்கே எங்கள் அக்ரூட் கொட்டைகளைத் தின்றுகொண்டே ஒரு விஷயம் சொன்னார். மன்னிப்புக் கிடைக்கிறவர் நாற்பது நாள் சிலுவைப் படையில் சேவகம் செய்ய வேண்டுமாம். எந்தக் கோட்டைக்கு அனுப்புவார்கள் என்று எனக்குத் தெரியும். உங்களுக்கும் தெரிந்திருக்கும். கடிதத்தில்தான் அது இல்லை.

வடக்குச் சுவரில் கல்லெறியும் பொறியை இப்போது உங்கள் மகள் அசலைஸ்தான் இயக்குகிறாள். பதினைந்து வயதுதான், குறி தப்புவதே இல்லை. நேற்று என்னிடம், "அப்பா கீழ வந்து நின்னா என்னம்மா பண்றது?" என்று கேட்டாள்.

உங்கள் கவசம் என்னிடம் இருக்கிறது. யாருடையதையோதான் உங்களுக்கு மாட்டிவிடுவார்கள். வருவதானால் வாருங்கள், தலைக்கவசம் மட்டும் வேண்டாம். உங்கள் முகம் அவளுக்குத் தெரியட்டும். கடவுள் உங்களைக் காக்கட்டும்; அவள் கையையும் காக்கட்டும்.

இப்படிக்கு,
பெய்ரசெக் கோட்டையின் தலைவி
எர்மெசெண்ட்