ஃபினாயிலும் மீன் தண்ணீரும்

செவ்வாய், இரவு.

மாடியில் குடியிருக்கும் ஆராய்ச்சி மாணவி சபீராவின் பாட்டில்களைத் திறந்து இன்று ஃபினாயில் ஊற்றிவிட்டேன். உள்ளே இருந்தது மீன் கழுவிய தண்ணீர், நாற்றம் தாங்கவில்லை.

"ம்மா, அதுல நுண்ணுயிர் வளத்தேன். அதுகதான் அந்தத் தண்ணியில உள்ளதத் தின்னுட்டு, எரிபொருளா ஆகுற ஹைட்ரஜன் வாயுவ விட்டுக்கிட்டு இருந்துச்சுக. அடுத்த வாரம் சார்கிட்ட காட்டணும்," என்று அழுதாள்.

மன்னிப்புக் கேட்க வாய் வரவில்லை. "இனி என்ன செய்யணும்?" என்றேன்.

"காலேஜ்ல கொஞ்சம் எடுத்து வச்சிருக்கேன், மறுபடி வளக்கலாம். மீன் தண்ணிக்குத்தான் பாம்பன் போகணும்."

"நான் கொண்டு வாரேன்."

கண்ணைத் துடைத்துக்கொண்டே சிரித்துவிட்டாள். "நீங்களா? மீன்காரம்மா தெருவுல வந்தாலே சன்னலைச் சாத்துவீங்களே!"

விடியற்காலை பஸ்ஸில் போகிறேன். வாளியைத் தேய்த்துக் கழுவி வைத்தாயிற்று. சோப்பும் அந்த உயிர்களுக்கு ஆகாதோ? மாடியில் விளக்கு அணைந்துவிட்டது. எழுப்பிக் கேட்டுவிட்டே படுக்கிறேன்.