திகதிக்கு விட்ட இடம்

12.02.2024, திங்கள்

இன்றைக்கும் வினோஜா கிணற்றடிக்கும் வேலிக்கும் இடையில் நடந்து நடந்து தனக்குத்தானே கதைத்தாள். ஒருதரம் ஆம்பிளைக் குரல், ஒருதரம் பொம்பிளைக் குரல். பக்கத்து வளவுச் சின்னத்தங்கம் வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்தாள்.

"அன்னபூரணமக்கா, பேத்திக்கு ஒரு நூல் கட்டினால் என்ன?"

"அவள் கதை எழுதிறாள். நூலை உன்ரை வாயிலை கட்டு" என்றேன்.

15.02.2024, வியாழன்

நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவள். மகள் பிரியவதனி பள்ளிக்கூடத்து ரீச்சர். அவளுடைய மகள் வினோஜா எழுத்தாளர். யாழ்ப்பாணத்துப் பேப்பரில் பெயரோடு கதை வந்திருக்கிறது. தகப்பன் இல்லாமல் வளர்ந்த பிள்ளை. மூன்று பேரும் ஒரே குசினியில்தான் சாப்பிடுகிறோம். இதை எழுதி வைக்க எனக்கு விருப்பம், எழுதிவிட்டேன்.

வேலணையில் போட்டோக்கொப்பிக் கடையில் வேலை அவளுக்கு. கொப்பி சரியாய் விழாமல் பிழைத்துப்போன தாள்களைக் கொண்டுவந்து பின்பக்கத்தில் எழுதுவாள். நல்ல தாள் என்றால் எழுத வராதாம். முதல் பக்கத்தை எப்போதும் கசக்கி எறிவாள். "அது தொண்டை செருமுறது அம்மம்மா. பாட்டு இல்லை."

ஒன்றுதான் எனக்குப் பிடிக்காது. ஆரைப் பற்றிக் கதை எழுதத் தொடங்கினாலும் முதலில் அந்த ஆளின் மரண அறிவித்தலை எழுதுவாள். பேப்பரில் வருகிற மாதிரியே. இன்ன ஊரைப் பிறப்பிடமாகவும், இன்ன ஊரை வதிவிடமாகவும் கொண்ட இன்னார். இன்னாரின் அன்பு மகன், இன்னாரின் பாசமிகு கணவன், கனடாவில் இருக்கிற மச்சான் வரைக்கும். செத்த திகதிக்கு மட்டும் ஒரு கோடு இழுத்து இடம் விடுவாள்.

"உயிரோடை நடமாடவேண்டிய ஆளை ஏன் பிள்ளை முதல்லையே பாடையிலை ஏத்திறாய்?"

"ஆரார் அழப்போகினம் எண்டு தெரிஞ்சால்தான் அம்மம்மா, அந்த ஆள் எப்பிடி நடந்து வருவார் எண்டு எனக்குத் தெரியும்."

புட்டு அவிக்கும்போதும் அதையே யோசித்தேன். இருபத்து மூன்று வயதுப் பிள்ளைக்கு இது எங்கிருந்து வருகிறது?

25.02.2024, ஞாயிறு

வினோஜா கேட்டாள்: ஒருத்தியின் ஆடு மற்றவளின் பயிற்றங்கொடியைத் தின்றுவிட்டது, கொடிக்காரி என்ன சொல்லி ஏசுவாள்?

நான் சொன்னேன். அவளுக்கு எழுதிப் பிடிக்க முடியவில்லை. "கெதியா, கெதியா, விட்டிடாதேங்கோ" என்றாள். நானும் எழும்பி நின்று, இடுப்பில் கை வைத்து, ஆட்டுக்காரியின் மூன்று தலைமுறையையும் இழுத்தேன். பிரியா குசினிக்குள் சிரித்துச் சிரித்து இருமினாள்.

வேலிக்கு அந்தப் பக்கம் சின்னத்தங்கம் ஆடு கட்டிக்கொண்டு நின்றதை ஆர் கண்டது.

26.02.2024, திங்கள்

சின்னத்தங்கம் இன்னும் கதைக்கவில்லை.

03.03.2024, ஞாயிறு

புதுக் கதையில் ஒரு ரீச்சர் வருகிறா. வினோஜா பல நாளாய் எழுதி எழுதிக் கசக்குகிறாள். அந்த ரீச்சர் மரக்கட்டை மாதிரி நிற்கிறாவாம், நடக்கிறாவே இல்லையாம். மத்தியானம் சாப்பிடும்போது தாயைப் பார்த்து, "அம்மா, உங்களை வைச்சு எழுதட்டோ?" என்றாள்.

"அப்ப என்னை முதல்லை சாக்காட்டவெல்லோ வேணும்?"

"ஓம். ஒரு பக்கத்துக்குத்தான். பிறகு எழும்பி வந்திடலாம்."

"பென்சன் எடுத்தாப்பிறகு சாக்காட்டு. அதுக்கு முந்தியெண்டால் நட்டம்."

கோப்பையைத் தள்ளி வைத்துவிட்டு அந்த மேசையிலேயே எழுதினாள். எழுதி உரத்து வாசித்தாள். சரவணையைப் பிறப்பிடமாகவும் வதிவிடமாகவும் கொண்ட பிரியவதனி. "ரீச்சர் எண்டு போடு. ஓய்வுபெற்ற எண்டு போடாதை, கிழவி மாதிரிக் கிடக்கு" என்றாள் தாய். அடுத்த வரி: காலஞ்சென்றவர்களான கந்தையா, அன்னபூரணம் தம்பதிகளின் அன்பு மகள்.

"எடியே! என்னையும் சேர்த்தெல்லோ அனுப்பிப்போட்டாய்!"

"அம்மா பென்சன் எடுத்துச் சாகேக்கை நீங்கள் இருக்கமாட்டியள்தானே அம்மம்மா."

சரிதான். அதுதானே முறை. மூன்று பேரும் சிரித்தோம். பிரியாவின் சகோதரன், என் மகன் நிசாந்தனை மருமக்களுக்குப் பிறகு போட்டிருந்தாள், அதை மேலே எடுக்கச் சொன்னேன். எடுத்தாள். என் பிள்ளை எழுதுகிற எழுத்தில் எனக்கும் ஒரு வரி திருத்தக் கிடைத்தது என்று பெருமையாய் இருந்தது.

09.03.2024, சனி

ரீச்சர் நடக்கத் தொடங்கிவிட்டாவாம். வினோஜா தேத்தண்ணியை ஆறவிட்டு எழுதுகிறாள். பிரியா அடிக்கடி போய் எட்டிப் பார்த்து, "நான் என்ன செய்யிறன் இப்ப?" என்று கேட்கிறாள். "வகுப்பிலை ஒருத்தனை ஏசிறியள். இடைஞ்சல் தராதேங்கோ."

21.03.2024, வியாழன்

காலமை பிரியா கிணற்றடியில் விழுந்துவிட்டாள். வாளி கையில். கண் திறக்கவில்லை. ஊர்காவற்றுறை ஆஸ்பத்திரியில் பார்த்துவிட்டு உடனே யாழ்ப்பாணம் அனுப்பினார்கள். தலைக்குள் இரத்தம் கசிந்திருக்குதாம். பிறசர். ஒருநாளும் சொன்னதில்லையே அவள். வினோஜா கூடப் போயிருக்கிறாள். என்னை வீட்டில் இருக்கச் சொன்னார்கள். இருக்கிறேன்.

22.03.2024, வெள்ளி

பிரியா போயிட்டாள்.

26.03.2024, செவ்வாய்

எழுதவேண்டும். எழுதாவிட்டால் நெஞ்சு அடைத்துவிடும்.

வெள்ளி பின்னேரம் வீடு நிறையச் சனம். நிசாந்தன் கனடாவிலிருந்து போனில் அழுகிறான். வர ஏலாது. அறிவித்தலையாவது அங்கே உள்ளவர்கள் பார்க்கிறமாதிரிப் போடவேண்டும், விபரம் அனுப்புங்கோ, கெதியா அனுப்புங்கோ என்கிறான். ஆருக்கும் ஒன்றும் ஓடவில்லை. வினோஜா எழும்பி அறைக்குள் போனாள். ஒரு தாளோடு வந்தாள்.

அந்தத் தாள்தான். எல்லாம் அதில் இருந்தது. பிறப்பிடம், வதிவிடம், ஆரார் மக்கள், ஆரார் மருமக்கள், நான் மேலே எடுக்கச் சொன்ன நிசாந்தனின் பெயர். பிள்ளை மேசையில் குனிந்து, கோடு இழுத்து விட்டிருந்த இடத்தில் 22.03.2024 என்று எழுதினாள். கண்ணீர் கூட இல்லை. விறைத்துப்போய் இருந்தாள், இப்போது விளங்குகிறது. பிறகு மேலே போய், காலஞ்சென்றவர்களான என்றதை வெட்டினாள். என் மனுசன் கந்தையாவின் பெயருக்கு முன்னால் மட்டும் காலஞ்சென்ற என்று போட்டாள். என் பெயரை உயிரோடு விட்டாள்.

அதைக் கண்டவுடன் எனக்கு என்ன வந்ததோ!

"எழுதி எழுதி என்ரை பிள்ளையைச் சாக்காட்டிப்போட்டியேடி! நான் செத்ததெண்டெல்லோ எழுதினனீ, அதை ஏனடி வெட்டினனீ? என்னைப் போகவிட்டிருக்கக்கூடாதே?"

கத்தினேன். எல்லாரும் கேட்டினம். போனில் நிசாந்தனும் கேட்டவன். வினோஜா பேனையை மூடி வைத்தாள். தாளைப் படம் எடுத்து மாமனுக்கு அனுப்பினாள். அதன்பிறகு என்னைப் பார்க்கவில்லை.

ஏன் சொன்னனான்? என்ரை வாய் ஏன் அழுகிப் போகேல்லை?

02.04.2024, செவ்வாய்

செத்தவீட்டுக்கு வந்தவர்கள் நான் கத்தினதை ஒழுங்கை முழுக்கக் கொண்டுபோயிருக்கிறார்கள். எழுதினது பலிச்சுப்போச்சாம். அந்தப் பிள்ளையின் கையில் ஏதோ இருக்காம். தன் பெயரை எழுதிவிடாதே என்று கடையில் ஒருத்தன் அவளைப் பகிடி பண்ணினானாம். வினோஜா சொல்லவில்லை. சின்னத்தங்கம் சொன்னாள்.

"பேத்தியைக் கதைக்கிறவையை நான் சும்மா விடமாட்டன்" என்றேன்.

"நீங்கள்தானே அக்கா முதல்லை சொன்னது" என்றாள்.

05.04.2024, வெள்ளி

அவள் இப்போது தாள் ஒன்றும் கொண்டுவருவதில்லை.

14.04.2024, ஞாயிறு

வருசப்பிறப்பு. எங்களுக்கு இல்லை.

21.04.2024, ஞாயிறு

பிரியாவின் முப்பத்தோராம் நாள். எங்கள் பக்கத்து வழக்கப்படி கல்வெட்டு அடித்துக் கொடுத்தோம். செத்தவரின் படத்தோடு அவரைப் பற்றிய பாட்டுப் புத்தகம். வினோஜா எழுதட்டும், எழுதத் தெரிந்த பிள்ளை வீட்டில் இருக்கும்போது வெளியாளுக்கு ஏன் கொடுக்கவேண்டும் என்று நிசாந்தன் எத்தனையோ தரம் சொன்னான். "எனக்கு ஏலாது மாமா" என்றுமட்டும் சொன்னாள். யாழ்ப்பாணத்தில் ஒரு புலவரிடம் கொடுத்தோம்.

வாசித்தேன். என் மகள் அதிர்ந்து பேசமாட்டாளாம். பிரியாவோ? பள்ளிக்கூடத்தில் அவள் ஏசினால் றோட்டில் போகிற சைக்கிள் நிற்கும். கோவில் கோவிலாய்ப் போனாளாம். தேருக்கே சனம் அதிகம் என்று போகாதவள். ஆரோ ஒரு நல்ல மனுசிக்கு எழுதின பாட்டில் என் பிள்ளையின் பெயரை வைத்திருக்கிறார்கள்.

வினோஜாவின் ரீச்சர்தான் என் பிரியா. அந்தக் கதை எங்கே என்று கேட்க எனக்கு முகம் இல்லை. புத்தகங்களை ஆட்களுக்கு அவள்தான் கொடுத்தாள். ஒன்றையும் விரித்துப் பார்க்கவில்லை.

09.05.2024, வியாழன்

பஸ்ஸில் பண்ணைப் பாலம் தாண்டும்வரை இரண்டு பொம்பிளைகள் யன்னல் சீற்றுக்குச் சண்டை பிடித்தார்கள். ஒருத்தி மற்றவளின் மீன் பையைத் தூக்கி றைவருக்குப் பக்கத்தில் வைத்துவிட்டாள். என்ன வாய்! ஒவ்வொரு சொல்லையும் மனதில் பிடித்துவைத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தேன். பிள்ளைக்கு நடித்துக் காட்டினேன். எழும்பி நின்று, இடுப்பில் கை வைத்து.

"ஓம்" என்றாள். உடுப்புக் காயப்போடப் போய்விட்டாள்.

நான் இடுப்பிலிருந்து கையை எடுத்தேன்.

16.06.2024, ஞாயிறு

"இப்பதான் உங்கடை பேத்தி பிள்ளையாய் லட்சணமாய் இருக்கிறாள். அந்தப் புறுபுறுப்பும் இல்லை, நடையும் இல்லை" என்கிறாள் சின்னத்தங்கம். நல்லது சொல்வதாக நினைப்பு.

"உன்ரை ஆடும்தான் சத்தம்போடாமல் நிக்குது. அதுக்குக் காய்ச்சல்" என்றேன்.

வீடு எப்படி இருக்கிறது என்று அவளுக்குத் தெரியுமா? இரண்டு பேர் இருக்கிறோம். மூன்று கதிரை. தண்ணீர் ஊற்றும் சத்தம், தும்புத்தடியால் கூட்டும் சத்தம். முன்பென்றால் கிணற்றடியில் ஒரு ஊரே கதைத்துக்கொண்டு நிற்கும். பிரியாவை மட்டுமா இழந்தேன்? ஆம்பிளைக் குரலில் கதைத்தவள், பொம்பிளைக் குரலில் கதைத்தவள், எல்லாரையும் ஒரு வாயால் நான்தான் அனுப்பினேன்.

30.06.2024, ஞாயிறு

இன்றைக்குக் கேட்டுவிடலாம் என்று நினைத்தேன். அவள் கறிக்கு வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள்.

"பிள்ளை" என்றேன்.

"என்ன அம்மம்மா?"

"உப்புக் காணாது போலை."

"கறி இன்னும் வைக்கேல்லை அம்மம்மா."

08.08.2024, வியாழன்

வேலையால் வந்து பையை மேசையில் வைத்தாள். பையின் வாயில் தாள்கள் தெரிந்தன. பிழைத்துப்போன கொப்பிகள். நான் காணாதமாதிரி விறகு எடுக்கப் போய்விட்டேன். விறகு தேவையில்லாமல் இருந்தது.

11.08.2024, ஞாயிறு

கிணற்றடிக்குப் போவதில்லை. முன் ஒழுங்கையில் நடக்கிறாள். குரல் இல்லை, வாய்மட்டும் அசைகிறது. எந்தக் குரலில் கதைக்கிறாள் என்று எனக்குத் தெரியவில்லை. கசக்கி எறிந்த ஒரு பக்கத்தைக் குசினியில் கண்டேன். வாசிக்கவில்லை. அடுப்பிலும் வைக்கவில்லை.

18.08.2024, ஞாயிறு

மத்தியானம் சாப்பிட்டபிறகு வினோஜா தாள்களோடு வந்து எனக்கு முன்னால் இருந்தாள். "வாசிக்கட்டோ?" என்றாள். அவ்வளவுதான். நான் சேலைத் தலைப்பால் கதிரையைத் துடைத்தேன், துடைத்த கதிரையில்தான் நான் இருந்தேனா என்றுகூட ஞாபகம் இல்லை.

தாய் செத்துப்போன ஒரு பெட்டையின் கதை. அந்தத் தாய் நடக்கிறாள், ஏசுகிறாள், இருமிச் சிரிக்கிறாள். ஐயோ, என் பிரியா சோறு போடுகிறாள். நான் வாயைப் பொத்திக்கொண்டு கேட்டேன். பிறகு செத்தவீடு வந்தது. பெட்டை மேசையில் குனிந்து அறிவித்தலில் திகதி போடுகிறாள். அம்மம்மாக்காரி கிட்ட வருகிறாள். வந்து, பேத்தியின் தலையைத் தடவி, "உன்னிலை ஒரு பிழையுமில்லை மேனை" என்கிறாள்.

வாசித்து முடித்துத் தாளை அடுக்கினாள். என்னைப் பார்க்கவில்லை.

"அந்தக் கிழவி அப்பிடிச் சொல்லேல்லை" என்றேன்.

"கதைதானே அம்மம்மா."

"எல்லாரும் உயிரோடை நிக்கினம். கிழவி மட்டும் பொய்யாய் நிக்கிறாள். என்னை ஏன் நல்லவளாக்கினனீ?"

அடுக்கின தாளைத் திரும்பக் கலைத்தாள். பிறகு, "நீங்கள் சொன்னதை எழுத வெளிக்கிட்டால் கை நிக்குது அம்மம்மா. எத்தினை தரமோ எழுதிப் பார்த்தனான்" என்றாள். அழுதாள். தாய் செத்ததற்குப் பிறகு அவள் அழுது நான் கண்டது இன்றைக்குத்தான்.

எனக்கும் அழுகை. ஆனால் ஒன்று விளங்கியது. அவளுக்கு ஏலாததை நான்தான் செய்யவேண்டும். சொன்னது என் வாய்.

"பேனையை எடு. நான் சொல்லுறன்."

சொன்னேன். அன்றைக்குக் கத்தினமாதிரி இல்லை. ஆனால் ஒரு சொல்லும் குறைக்கவில்லை. எழுதி எழுதிச் சாக்காட்டிப்போட்டியேடி என்றதை அந்த 'டி'யோடு சொன்னேன். இடையில் குரல் நின்றுவிட்டது. அவள் பேனையைத் தூக்காமல் குனிந்தபடியே காத்திருந்தாள். மிச்சத்தையும் சொன்னேன். அதற்குப் பிறகு, அன்றைக்குச் சொல்லாததை, இந்த ஐந்து மாதமும் தொண்டையில் கிடந்ததைச் சொன்னேன்: "அது பொய் பிள்ளை. நான் விசரி. அறியாமல் சொல்லிப்போட்டன்."

"இதையும் எழுதிறதோ?" என்று கேட்டாள்.

"அது உனக்கு."

தலையாட்டினாள். எழுதவில்லை. மூக்கைத் துடைத்துக்கொண்டு, எழுதியவரைக்கும் ஒருதரம் வாசித்தாள், வாய்க்குள் இல்லை, உரத்து. என் குரலில் வாசித்தாள். கேட்கப் பயங்கரமாய் இருந்தது. சரியாயும் இருந்தது.

"இப்பிடிச் சொல்லிப்போட்டு அந்தக் கிழவி பிறகு என்ன செய்தவ?"

"தெரியாது பிள்ளை."

"எனக்கும் தெரியேல்லை" என்றாள். கதிரையை என் பக்கம் இழுத்துப் போட்டாள். "எழும்பாதேங்கோ. இருங்கோ, யோசிப்பம்."