வாசல் கானில் ஓடிய வெள்ளைத் தண்ணி

மதினி,

இன்றைக்குக் காலையில் பேத்தி அடுப்படியில் உட்கார்ந்து இரண்டு வெள்ளை வெங்கச்சாங்கல்லை ஒன்றோடு ஒன்று தட்டிக்கொண்டிருந்தாள். மேலே புது ரோட்டுக்கு மண் வெட்டுகிறார்கள், அங்கே பொறுக்கியதாம். "அம்மாயி, நெருப்புப் பொறி வருது பாருங்க" என்றாள். பொறியை நான் பார்க்கவில்லை. வாடைதான் வந்தது. முடி கருகினது போல ஒரு வாடை. கல்லைப் பிடுங்கி வாசலில் எறிந்தேன். பிள்ளை அழுதது. அழட்டும் என்று விட்டுவிட்டேன்.

உன் மகன் கோத்தகிரியிலிருந்து போன் பண்ணி ஒரு மாசமாகிறது. "அம்மா போயிட்டாங்க அத்தை" என்றான். எப்போது, எப்படி, கடைசியாக என்ன சாப்பிட்டாள் என்றெல்லாம் கேட்டேன். கேட்க வேண்டிய ஒன்றை மட்டும் கேட்கவில்லை. அதைத்தான் உனக்கு எழுதுகிறேன். மூணாம் வகுப்போடு நின்றவள் நான், எழுத்து கோணலாகத்தான் வரும். ஞாபகம் கோணாது. நீ உயிரோடு இருந்தவரை நீங்க வாங்க என்றுதான் பேசினேன். இனி நீதான். செத்தவர்களையும் சாமியையும் அப்படித்தானே கூப்பிடுகிறோம்.

மடுல்சீமைக்கு மேலே அந்தத் தேயிலைத் தோட்டத்து லயத்தில், ஒரே கூரைக்குக் கீழே வரிசையாக இருந்த அறைகளில், நீ ஏழாம் காம்பரா, நான் எட்டு. இரத்த சொந்தம் ஒன்றுமில்லை. உன் புருஷனை நான் அண்ணன் என்றேன், அதனால் நீ மதினியானாய். என் மகள் பிறந்த அன்றைக்கு ரோடு சரிந்து, டிஸ்பென்சரி லொறி வராமல், அவள் உன் கையில்தான் விழுந்தாள். அந்த அளவுக்கு இருந்தோம். அதனால்தான் கோபமும் அந்த அளவுக்கு வந்தது.

உன் தாலிப் பொட்டு போனது எனக்குத் தெரியும். மகன் நெஞ்சுச் சளியோடு பதுளை ஆஸ்பத்திரியில் கிடந்தபோது விற்றீர்கள். பிறகு மஞ்சள் கயிற்றில் ஒரு மஞ்சள் துண்டுதான். பீலித் தண்ணியில் குளிக்கும்போது அதைக் கையால் மூடிக்கொள்வாய். நான் வேறு பக்கம் பார்ப்பேன்.

அடுத்து மாவுக்கும் ஒரு துண்டுப் பாணுக்கும் வரிசையில் நின்ற வருஷம் வந்தது. வாரத்துக்கு மூன்று நாள்தான் வேலைக்குப் பேர் விழும். மற்ற நாளில் மரவள்ளி, அதுவும் இல்லாத நாளில் கீரை. லயத்தில் உரல்கள் எல்லாம் ஓய்ந்து கிடந்தன. ஒன்றைத் தவிர. உன்னுடையது.

வேலை விட்டு வந்ததும் கதவைச் சாத்திக்கொண்டு இடிப்பாய். இரண்டு மாசம் அந்த உலக்கைச் சத்தம் என் நெஞ்சில் விழுந்தது. சத்தத்தை விடு, கானில் தண்ணி வந்ததே. லயத்து வாசலில் எல்லாக் காம்பராவுக்கும் சேர்த்து ஓடுகிற கான், உன் பக்கமிருந்து என் பக்கம் ஓடுவது. அதில் தினமும் வெள்ளையாகத் தண்ணி வந்தது, கழனித் தண்ணி மாதிரி. பஞ்சத்தில் இவள் தினமும் அரிசி களைகிறாள், மாவு இடிக்கிறாள் என்று நினைத்தேன். நான் மட்டுமா நினைத்தேன், லயமே நினைத்தது.

என் மகளுக்கு நாலு வயது. காய்ச்சலில் கிடந்தவள் சுவரில் காதை வைத்துக்கொண்டு, "அம்மா, அத்தை வீட்டுல புட்டு அவிக்கப் போறாங்க" என்றாள். அவளுக்காகத்தான் கிண்ணத்தைத் தூக்கிக்கொண்டு உன் வாசலுக்கு வந்தேன். நீ பாதிக் கதவைத் திறந்தாய். புருவமெல்லாம் வெள்ளைத் தூசி.

"ஒரு பிடி மாவு குடுங்க மதினி. புள்ளைக்குக் கஞ்சி வைக்கணும்."

"மாவு இல்ல மதினி. சத்தியமா இல்ல."

"அப்ப மூஞ்சியில என்னா, விபூதியா?"

நீ உள்ளே போய் இரண்டு அவித்த வத்தாளங்கிழங்கைக் கொண்டுவந்து என் கிண்ணத்தில் போட்டாய். அதை உன் வாசற்படியிலேயே வைத்துவிட்டு வந்தேன். அது உங்கள் இராச் சாப்பாடு என்று அப்போது தெரியாது. தெரிந்திருந்தாலும் வைத்துவிட்டுத்தான் வந்திருப்பேன். என் குணம் அப்படி.

மறுநாள் காலையில் வேலைக்குப் பேர் கூப்பிடும் பெரட்டில் நான் பேசியது உனக்கு மறந்திருக்காது.

"சில பேரு வீட்டுக்குப் பஞ்சம் வழி தெரியாம நிக்கிதாம்."

கங்காணி சிரித்துக்கொண்டு, "யாரு வீடு? சொல்லு, நானும் சோத்துக்கு வர்றேன்" என்றார்.

"கதவச் சாத்திட்டுத்தான் பரிமாறுவாங்க கங்காணி. நீங்க கூரையப் பிரிச்சுக்கிட்டுத்தான் எறங்கணும்."

எல்லாரும் சிரித்தார்கள். நீ கூடைக் கயிற்றைத் தலையில் சரி பண்ணிக்கொண்டே, "பேசுங்க மதினி, வாய் வலிச்சா நிறுத்துவீங்க" என்றாய். அன்றைக்கு நின்றது நம் பேச்சு.

இப்போது நான் சொல்லாமல் போனதைச் சொல்கிறேன்.

இரண்டு நாள் கழித்து மகளை டிஸ்பென்சரிக்குக் கொண்டுபோக அரை நாள் பேரோடு இறங்கி வந்தேன். லயத்தில் யாருமில்லை. நீ மலையில், அண்ணன் கான் வெட்டில். மழை அடித்து ஓய்ந்திருந்தது. உன் கதவு சும்மா சாத்தியிருந்தது. டிஸ்பென்சரியிலிருந்து கொண்டுவந்த மகளைப் படுக்க வைத்துவிட்டு உன் வீட்டுக்குள் போனேன். திருடத்தான் போனேன், வேறு பேர் வைக்க மாட்டேன்.

சுளகு நிறைய வெள்ளை வெளேரென்று மாவு. அள்ளிப்போக ஏனம் வேண்டும். அடுப்பு மேட்டில் உன் அரிக்கன்சட்டி இருந்தது, உள்ளே வரிவரியாக ஓடும் அந்த மண்சட்டி. மூடியிருந்த தட்டை எடுத்தேன். அடியில் வரிகளுக்குள் கொஞ்சம் கறுப்பு மணல். அதற்குள் என்னவோ மினுங்கியது. காக்காப்பொன் என்று நினைத்தேன். நினைத்தேன் என்பதுகூடப் பொய், என் கை நினைக்கவில்லை. ஆயிரம் தடவை அரிசி அரித்த கை. சட்டியின் அடியில் தங்குகிற கல்லையும் மண்ணையும் எந்தப் பொம்பிளை வைத்துக்கொள்வாள்? வாசலுக்கு வந்து கானில் விசிறினேன். ஒரு சிரட்டைத் தண்ணி ஊற்றி அலசி அதையும் விசிறினேன். மழைத் தண்ணி கொண்டுபோய்விட்டது.

பிறகு சட்டியில் மாவை அள்ளி, ஒரு சிட்டிகையை வாயில் போட்டேன். நறநறவென்றது. கல்!

எனக்கு என்ன தோன்றியது தெரியுமா? கடை மாவில் கலக்கத்தான் நீங்கள் கல்லை இடித்துக் கொடுக்கிறீர்கள், வரிசையில் நின்று வாங்கிய மாவில் என் பிள்ளைக்குச் சுட்ட ரொட்டி நறநறத்தது இதனால்தான் என்று தோன்றியது. நாளைக்குப் பெரட்டில் வைத்துக் கிழிக்கிறேன் என்று கறுவிக்கொண்டு, மாவைச் சுளகிலேயே கொட்டினேன். சட்டியைக் கழுவிக் கவிழ்த்து வைத்துவிட்டு வந்தேன். நான் எந்த ஏனத்தையும் கழுவினால் கவிழ்த்துத்தான் வைப்பேன். நீ நிமிர்த்தித்தான் வைப்பாய். "நிமிந்திருந்தாத்தான் மதினி யாராச்சும் எதையாச்சும் போடுவாங்க" என்று சிரிப்பாய்.

சாயங்காலம் விளக்கு வைக்கிற நேரம். லயத்துச் சுவர் கூரை வரைக்கும் எழும்பாது, உன் வீட்டுப் பேச்சு என் வீட்டில் விழும்.

"சட்டியில இருந்தது எங்கடி?" அண்ணன் குரல்.

"காலையிலதானே போத்தல்ல இருந்து கொட்டி வச்சேன். நீங்க வந்ததும் கடைசியா ஒருக்கா அரிப்போம்னு..."

"கொட்டி வச்சது கால் மொளைச்சுப் போயிருச்சா? ரெண்டு மாசம்டி! அந்தக் கல்லோட மல்லுக்கட்டி ஒவ்வொரு பொடியாச் சேத்த பொன்னு. ஒரு தாலிப் பொட்டு செய்யக் காணும்னு பத்தர் சொன்னாரே. ஒந் தம்பிக்குத் தூக்கிக் குடுத்தியா?"

எனக்கு அப்போதுதான் விளங்கியது. பொன். தோட்டத்து எல்லைக்கு மேலே மலையில் வெள்ளைக்கல் ஓடுகிறது, அதற்குள் பொன் இருக்கிறது. அதைத்தான் அண்ணன் விறகுக் கட்டுக்குள் மறைத்துக் கொண்டுவந்தார். நீ அடுப்பில் சுட்டுத் தண்ணி ஊற்றி வெடிக்க வைத்தாய், இடித்தாய், அரிசி அரிக்கிற மாதிரி அரித்தாய். கானில் வந்தது கல் கரைந்த தண்ணி.

அடி விழுந்த சத்தம் கேட்டது. நீ கத்தவில்லை. உன் மகன்தான் கத்தினான். என் புருஷன் பாதி எழுந்து, "போய் என்னான்னு கேக்கவா?" என்றார். "புருஷன் பொஞ்சாதி சண்டையில நமக்கு என்னா வேல, உக்காருங்க" என்றேன். என் பல்லிடுக்கில் அந்தக் கல் அப்போதும் இருந்தது.

 பிறகு நீ மெதுவாகச் சொன்னாய்: "நாந்தான் கொட்டிட்டேன். கைமறதியா அலசிட்டேன்."

அடிக்குப் பயந்து சொல்கிறாய் என்றுதான் அன்றைக்கு நினைத்தேன்.

அதற்கப்புறம் ஒரு மாசம் நான் தினமும் கானைக் கூட்டினேன். மண்ணை அள்ளிவந்து என் வீட்டில் கதவைச் சாத்திக்கொண்டு அரித்தேன். "இவளுக்கு என்னா திடீர்னு சுத்தம்?" என்று லயம் சிரித்தது. கானில் பாசியும் மீன் முள்ளும் கிடைத்தன. பொன் கிடைக்கவில்லை. கிடைத்திருந்தால் உன் வாசலில் வைத்திருப்பேனா? வைத்திருப்பேன் என்றுதான் சொல்லிக்கொள்கிறேன்.

அண்ணன் மறுபடி அந்தக் கல்லுக்குப் போகவில்லை. இந்தியாவுக்குப் போக மாட்டேன், இங்கேதான் என் மண் என்று வம்பு பண்ணிக்கொண்டிருந்த மனுஷன், இந்தியாவுக்கு அனுப்புகிற கடுதாசி வந்ததும் ஒரு வார்த்தை பேசாமல் கையெழுத்துப் போட்டார். "இந்த மண்ணு நமக்கு எதையும் தராது மச்சான்" என்று என் புருஷனிடம் சொன்னாராம். அந்த மண் தந்தது. தந்ததைக் கானில் விசிறியவள் சுவருக்கு அந்தப் பக்கம் இருந்தாள்.

நீங்கள் போன அன்றைக்கு, பதுளை ஸ்டேஷனுக்கு லொறி நின்றுகொண்டிருந்தது. ஒரு வருஷத்துக்கு மேல் பேசாதவள், நேராக என் வாசலுக்கு வந்தாய். கையில் அரிக்கன்சட்டி.

"வச்சுக்கங்க மதினி. கப்பல்ல ஒடஞ்சிரும்."

"எங்கிட்ட ஒண்ணு இருக்கு."

"இதையும் வச்சுக்கங்க." பிறகு எனக்கு மட்டும் கேட்கிற மாதிரிச் சொன்னாய்: "கவுத்து மட்டும் வைக்காதீங்க."

திரும்பிப் பார்க்காமல் போய் லொறியில் ஏறினாய். கழுத்தில் அதே மஞ்சள் துண்டு. லொறி வளைவு திரும்பும் வரைக்கும் சட்டியைப் பிடித்துக்கொண்டு வாசலிலேயே நின்றேன்.

அந்தச் சாயங்காலமே கவிழ்ந்திருந்த சட்டியைப் பார்த்து உனக்குத் தெரிந்துவிட்டது. தெரிந்துதான் நீ கொட்டியதாகச் சொன்னாய். என் பேரைச் சொல்லியிருந்தால் லயமே என்னைக் கிழித்திருக்கும், அண்ணனும் என் புருஷனும் வெட்டிக்கொண்டிருப்பார்கள். என் பிள்ளைக்காகச் சொல்லாமல் விட்டாயா, என் மேல் இருந்த அருவருப்பில் விட்டாயா? ஒரு வருஷம் அதே பீலியில், அதே தேயிலை நிரையில் என் பக்கத்தில் நின்றாயே, ஒரு அறை விட்டிருக்கலாமே. கங்காணி மேலும் மாவில் கல் கலந்த கடைக்காரன் மேலும் இன்றைக்கும் எனக்குக் கோபம் உண்டு. எல்லாவற்றையும் விடப் பெரிய கோபம் உன் மேல்தான். திட்டாமல் போய்விட்டாய்.

நீங்கள் போன பிறகு அந்த இடத்தைப் பார்க்க ஒரு தடவை மேலே ஏறினேன். ஆள் உயரக் குழி. மலைக்குள் வெள்ளைக்கல் விலா எலும்பு போல ஓடியது, தீ வைத்து வெடிக்க வைத்த கரி அதன் மேல். குழியைச் சுற்றி நாலு மூலையிலும் நாலு குச்சி. ஒவ்வொன்றிலும் உன் பச்சைச் சேலையின் கிழிசல் கட்டியிருந்தது. அண்ணன் தன் இடம் என்று அடையாளம் வைத்தது. பிரஜாவுரிமை இல்லாதவனுக்குக் கல் தோண்டக் காகிதம் கிடைக்காது என்று யாரோ சொல்லியும் கட்டி வைத்திருக்கிறார். அந்தத் துணியை அவிழ்க்க எனக்குக் கை வரவில்லை.

என் கழுத்தில் அப்போதும் பொட்டு இருந்தது மதினி. என் புருஷன் போன பிறகு கழற்றினேன். உருக்கி உனக்கு அனுப்பலாம் என்று ஒரு வாரம் யோசித்தேன். யோசித்துக்கொண்டே மகளுக்குத் தோடு செய்துவிட்டேன். கஞ்சி கேட்ட அதே மகள்.

உன் மகனிடம் கேட்காமல் விட்டது இதுதான். அண்ணன் இன்னும் இருக்கிறார் என்றான். அப்படியானால் நீ சுமங்கலியாகத்தான் போயிருப்பாய், பூவும் மஞ்சளும் வைத்துத்தான் தூக்கியிருப்பார்கள். உன் கழுத்தில் கடைசியில் பொன் இருந்ததா, இல்லை அதே மஞ்சள் துண்டா? வாய் வரைக்கும் வந்தது. மஞ்சள் என்று சொல்லிவிடுவானோ என்று போனை வைத்துவிட்டேன்.

சட்டி அடுப்பு மேட்டில் நிமிர்ந்தே இருக்கிறது. இத்தனை வருஷத்தில் ஒரு நாள்கூடக் கவிழ்க்கவில்லை. யாரும் அதில் எதுவும் போடவில்லை, நானும் போடவில்லை. இன்றைக்குத்தான், அழுது முடித்த பேத்தி வாசலில் கிடந்த அந்த இரண்டு வெள்ளைக்கல்லையும் பொறுக்கிவந்து, நான் திரும்ப எறிந்துவிடுவேன் என்று பயந்து, அதற்குள் ஒளித்து வைத்திருக்கிறாள். பார்த்தும் பார்க்காதது போல இருக்கிறேன்.