எனக்கு மாஸ்டர் பீஸாக இருந்தவனுக்கு

டேய்,

ஞாயிற்றுக்கிழமை காலை ஸ்பிரிட் பாட்டிலைத் திறந்தேன். அந்த வாசனை எழுந்ததும் மாடிப்படியில் உன் செருப்புச் சத்தம் கேட்ட மாதிரி இருந்தது. பழக்கதோஷம். விரலைத் துடைத்துக் காயவிட்டு, ஊசியால் குத்தி, முதல் சொட்டை ஸ்ட்ரிப்பில் வைத்தேன். மீட்டர் கொஞ்சநேரம் யோசித்துவிட்டு ஒன்று புள்ளி ஒன்பது என்றது. இரண்டரைக்கும் மூன்றரைக்கும் நடுவில் இருக்க வேண்டியவன் நான். நீ போன பிறகு இப்போதுதான் முதல் தடவையாக அந்த அளவுக்கு வெளியே வந்திருக்கிறேன். இதை உன்னிடம் சொல்லாமல் வேறு யாரிடம் சொல்வது?

நெஞ்சுக்குள் உலோக வால்வு வைத்து நான் வடக்குப்பட்டு வீட்டுக்குத் திரும்பிய மாதத்தில்தான் நீ எங்கள் மாடி ரூமுக்குக் குடி வந்தாய். நாங்குநேரிப் பக்கத்துக்காரன், என் கம்பெனியிலேயே சி.என்.சி. செட்டர். நான் அங்கே குவாலிட்டி. நீ மெஷினை முடுக்குவாய். அதில் வந்த பீஸை அளந்து நான் குறை சொல்வேன். சேர்ந்தே பிழைக்க வேண்டிய எதிரிகள். நான் மறுபடி வேலைக்கு வந்த முதல் நாள் கம்பெனி பஸ்ஸில் என் பக்கத்தில் உட்கார்ந்து சுற்றுமுற்றும் பார்த்தாய். "ஏல, உன் சட்டைப் பையில என்ன கடியாரமா வச்சிருக்க?" என்றாய். வால்வு மூடுகிற சத்தம் என்று சொன்னேன். எல்லோரையும் போல நீ முகத்தைச் சுருக்கவில்லை. "அப்போ நீ ஸ்பேர் பார்ட் போட்ட வண்டி. எனக்கு எல்லாமே கம்பெனி ஃபிட்டிங்ல, பாத்துக்கிடு" என்று சிரித்தாய். ஆபரேஷனுக்குப் பிறகு என்னைக் கிண்டல் செய்த முதல் ஆள் நீதான். எனக்கு எவ்வளவு சந்தோஷமாக இருந்தது தெரியுமா?

அந்த வால்வில் ரத்தம் கட்டிவிடக் கூடாது என்பதற்காகத்தான் தினமும் மாத்திரை. குறைந்தால் கட்டி, கூடினால் ரத்தக் கசிவு. இரண்டுக்கும் நடுவில் நிற்கிறேனா என்று பார்க்க ஒவ்வொரு முறையும் லீவு போட்டு, மெட்ராஸ் போய், வரிசையில் நின்று, ரத்தம் கொடுத்துவிட்டு வருவேன். "ஷிப்டு முடிஞ்சதும் பீஸ அளந்தா என்னல பிரயோசனம்? ஓடும்போதே அளக்கணும்லா" என்று நீதான் நச்சரித்தாய். டாக்டரிடம் கேட்டேன். அவரும் சரி என்று சொல்லி, கிளினிக் சிஸ்டரிடம் பழகிக்கொண்டு வரச் சொன்னார். ரத்தம் உறைகிற அளவைக் காட்டும் மீட்டர் வீட்டுக்கு வந்தது. ஞாயிறு காலையானால் மாடிப்படியின் பாதியில் நின்றபடி கத்துவாய். "எவ்ளோல?" நான் நம்பரைச் சொல்வேன். அதற்குப் பிறகுதான் உனக்குக் காபி இறங்கும்.

ஆனால் உன் கை சும்மா இருக்காது. மெஷினில் அளவு ஒரு மயிரிழை நகர்ந்தாலும் அந்த இடத்திலேயே ஆஃப்செட் போட்டுத் திருத்துகிறவன் நீ. லைனில் அதற்காகவே உனக்குப் பெயர். ஒரு ஞாயிறு என் அளவு கொஞ்சம் இறங்கியது. "அரை மாத்திர கூடப் போடு, சரியாப் போவும்" என்றாய். மறுநாள் பார்த்தோம், ஏறவில்லை. "இன்னொரு அர." நானும் உன் கைராசியை நம்பி விழுங்கினேன். அந்த வாரக் கடைசியில் பல் தேய்த்தபோது வாயெல்லாம் ரத்தம். முழங்கையில் ஒரு கருநீலத் திட்டு. மீட்டர் ஐந்தைத் தாண்டிக் காட்டியது.

கிளினிக்குக்கு என்னோடு நீயும் வந்தாய். டாக்டர் கத்தவில்லை. "இன்னைக்குப் போடுற மாத்திரையோட வேலை ரெண்டு மூணு நாள் கழிச்சுதான் தெரியும். தெரியறதுக்குள்ள மேல மேல போட்டா எங்க போய் நிக்கும்? எங்களைக் கேக்காம யாரும் மாத்தக் கூடாது" என்றார். வண்டலூரில் பஸ்ஸை விட்டு இறங்கும்போது, "மெஷினுன்னு நெனச்சிட்டேம்ல. ஒன்னயப் போயி" என்றாய். உன் குரல் அப்படி உடைந்து நான் கேட்டதே இல்லை. உன்மேல் எனக்குக் கோபமே வரவில்லை, டேய். என் உடம்பைத் தன் வேலையாக எடுத்துக்கொண்ட ஒருவனிடம் எப்படிக் கோபப்படுவது?

அடுத்த ஞாயிறு நீ படியில் நிற்காமல் நேரே கீழே வந்து விரலை நீட்டினாய். "எனக்குக் குத்து." ஏன் என்று கேட்டேன். "கேஜு சரியான்னு நீ எத வச்சுப் பாப்ப? அளவு தெரிஞ்ச மாஸ்டர் பீஸ வச்சுத்தான? மாத்திர திங்காதவனுக்கு ஒண்ணு காட்டணும்னு சிஸ்டர் சொன்னாவள்லா. நான்தாம்ல மாஸ்டர் பீஸ்." புது ஊசி போட்டுக் குத்தினேன். ஒன்று புள்ளி பூஜ்யம். உன் முகத்தில் வந்த பெருமையைப் பார்க்க வேண்டுமே, என்னமோ பரீட்சையில் முதல் மார்க் வாங்கினவன் மாதிரி. லேபில் ஒப்பிட்டுக்கொள்கிறோம், ஸ்ட்ரிப்பை வீணடிக்காதீர்கள் என்று சிஸ்டர் சிரித்தார். ஆனாலும் என் அளவு ஏடாகூடமாக வந்தபோதெல்லாம் உன் விரல் வந்து நின்றது. நான் கிளினிக்குக்குப் போன் போட்டுப் பேசி முடிக்கும்வரை இரண்டு கையையும் அக்குளில் இடுக்கிக்கொண்டு உட்கார்ந்திருப்பாய். எதையும் தொட்டுவிடக் கூடாது என்று உன்னை நீயே கட்டிப்போட்டுக்கொண்டது அது. மெஷின் முன்னால் ஒரு நிமிஷம் சும்மா நிற்காதவன், எனக்காக அதைக் கற்றுக்கொண்டாய்.

போன தீபாவளிக்கு ஊருக்குக் கிளம்பினாய். விழுப்புரம் தாண்டி வேன் கவிழ்ந்தது என்று விடிகாலையில் போன் வந்தது. என் அம்மா நெஞ்சில் அடித்துக்கொண்டாள். எந்த நேரம் என்ன ஆகுமோ என்று ஊரே பயந்துகொண்டிருந்தது எனக்காக. ஸ்பேர் பார்ட் போட்ட நான் இங்கே இருக்கிறேன். எல்லாம் கம்பெனி ஃபிட்டிங் என்று பீற்றிக்கொண்டவன் போய்விட்டாய். இதை நினைத்தால் இன்னும் எனக்கு ஆத்திரம் வருகிறது. யார்மேல் என்றுதான் தெரியவில்லை.

சரி, ஞாயிறு கதைக்கு வருகிறேன். ஒன்று புள்ளி ஒன்பதைப் பார்த்ததும் என் கை மாத்திரை டப்பா பக்கம் போனது. நீ விட்டுப்போன வியாதி. நிறுத்திக்கொண்டேன். வெந்நீரில் கை கழுவி, வேறு விரலில் திரும்பப் பார்த்தேன். அதே நம்பர். பக்கத்தில் நின்ற என் மனைவி, ஊசியைக் கண்டாலே ஓடுகிறவள், கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு விரலை நீட்டினாள். "அந்தண்ணன் இல்லன்னா இன்னா, எனக்குக் குத்து. சீக்கிரம் குத்தித் தொலை."

அவளுக்கு ஒன்று. ஒரு கண்ணை மட்டும் திறந்து, "நானு கரீட்டா கீறனா?" என்றாள். இத்தனை மாதத்தில் அன்றைக்குத்தான் வாய்விட்டுச் சிரித்தேன்.

மீட்டர் சரி, நான்தான் இறங்கியிருக்கிறேன். சிஸ்டருக்குப் போன் போட்டேன். "புதுசா ஏதாவது மாத்திரை? சாப்பாட்டுல மாத்தம்?" என்று கேட்டார். மழைக்கு முருங்கை தழைத்துக் கிடக்கிறது, வாரம் முழுக்கக் கீரைதான் என்றேன். கீரை மாத்திரையின் வேலையைக் குறைத்துவிடும் என்று சொல்லி, டாக்டரைக் கேட்டு மாத்திரை அளவு சொன்னார். கீரையை விட வேண்டாம், எப்போதும் ஒரே அளவாகச் சாப்பிடுங்கள், புதன்கிழமை பாருங்கள் என்றார். அந்த நடு நாட்களில் கை பரபரத்தபோதெல்லாம் அக்குளில் இடுக்கிக்கொண்டேன். உன்னிடமிருந்து என்னிடம் வந்து சேர்ந்தது அதுதான். வால்வு உள்ளவரை என்னோடு இருக்கும்.

இன்று புதன். ஷிப்டுக்குக் கிளம்பும் முன் குத்திப் பார்த்தேன். மீட்டரைக் கையில் பிடித்தபடி மாடிப்படிக்குக் கீழே போய் நின்றேன். மேலே ரூம் பூட்டியிருந்தது. "எவ்ளோல?" என்று யாரும் கேட்கவில்லை. கேட்காவிட்டால் என்ன, நானே கொஞ்சம் உரக்கச் சொன்னேன்.

"ரெண்டு புள்ளி எட்டுடா."